நான்கடி தூரம்

கணக்கு வாத்தியார் மற்ற பிள்ளைகளுக்குச் சாக்பீஸைக் கையில் கொடுப்பார். காலனியிலிருந்து வரும் எழிலரசிக்கு மட்டும் நான்கடி தள்ளி நின்று தூக்கிப் போடுவார். மூன்று வருடமாக அவள் ஒன்றைக்கூடக் கீழே விட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அன்று கல்வி அதிகாரி அம்மா வகுப்பைப் பார்க்க வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கரும்பலகையில் இருந்த கணக்கு ஒருவருக்கும் பிடிபடவில்லை. எழிலரசிக்கு விடை பளிச்சென்று தெரிந்துவிட்டது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"சார், நான் சார்! எனக்குத் தெரியும் சார்!"

"அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்களேன்" என்றார் அதிகாரி.

வாத்தியார் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார். இதுவரை அவள் கேட்டிராத குரலில், "வாடா கண்ணு, வா" என்று புதுச் சாக்பீஸை நீட்டினார். எழிலரசி பெஞ்சைத் தாண்டிக் குதித்து ஓடினாள். வழக்கமான இடம் வந்ததும் கால்கள் தாமாகவே நின்றுகொண்டன. இரண்டு கைகளையும் குவித்து, சாக்பீஸின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் கத்தினாள்:

"ம்... வீசுங்க சார், கீழ விடமாட்டேன்!"

நீட்டிய கையை அவர் மடக்கவும் இல்லை, வீசவும் இல்லை. கடைசி பெஞ்சில் அதிகாரி எழுந்து நின்றார். எழிலரசி குவித்த கைகளோடு, சிரிப்பு மாறாமல், இன்னும் காத்துக்கொண்டிருந்தாள்.