பதினாலாம் நம்பர் வீடு

"ஆலைத் தெரு, பதினாலாம் நம்பர்... இந்த வீடுதானாங்க?"

வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்த தொக்தார் நிமிர்ந்து பார்த்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கையில் ஆவணக் காப்பகத்தின் முத்திரை விழுந்த காகிதம்.

"அது பழைய பேரும்மா. ரெண்டு தரம் மாத்திட்டாங்க. நம்பர் மட்டும் அதேதான். யாரைத் தேடறே?"

"ஆளை இல்லீங்க, வீட்டைத்தான். அப்பா சின்ன வயசுல இங்க இருந்தாராம். விக்தர் ஷெஃபர்னு பேர். யுத்தத்தப்போ ரஷ்யாவுல இருந்த ஜெர்மன்காரங்களை எல்லாம் வால்கா ஆத்துப் பக்கத்துலேர்ந்து ரயில்ல ஏத்தி, இங்க கஸாக் புல்வெளியில கொண்டாந்து கொட்டினாங்களே..."

தொக்தார் மண்வாரியைச் சுவரில் சாய்த்தார்.

"உள்ளே வா மகளே. காத்து அறுக்குது."

அவர் மனைவி கமர், பால் தேநீரும் பவுர்சாக் என்னும் பொரித்த மாவு உருண்டைகளும் கொண்டுவந்து வைத்தாள். வந்தவள் பெயர் இர்மா. ஜெர்மனியில் குடியேறிப் பதினைந்து வருடமாகிறதாம். குடும்ப வரலாறு எழுதுகிறாளாம்.

"அப்பா எப்படி இருக்கார்?"

"போயிட்டார். மூணு மாசமாச்சு."

தொக்தார் கிண்ணத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டிருந்தது.

"அவருக்கு ஒரு தம்பியாம், எமில்னு. அஞ்சு வயசு. பெத்தவங்களைக் கட்டாய வேலைக்கு இழுத்துட்டுப் போனதும், இந்த வீட்டுக்காரங்கதான் ரெண்டு பேரையும் சேர்த்துக்கிட்டாங்களாம். அந்தக் குளிர்லயே காய்ச்சல் வந்து எமில் போயிட்டான். பன்னெண்டு வயசுல, அப்பாவே தன் கையால புதைச்சாராம். சொல்லிச் சொல்லி அழுவார்."

"அழுதாரா?"

"கடைசி நாள் வரைக்கும். அந்தக் குழி எங்க இருக்குன்னு உங்களுக்கு..."

கமர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ போய் இன்னும் கொஞ்சம் தேநீர் போடு" என்று அதட்டிவிட்டு எழுந்தார் தொக்தார். "வா மகளே, காட்டறேன்."

கொல்லையில் வேலியோரம் பனி மூடிய மேடு ஒன்றைக் காட்டினார். இர்மா மண்டியிட்டு, தன் மொழியில் ஏதோ முணுமுணுத்தாள். உறைந்த மண்ணைச் சாவியால் சுரண்டிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

"சித்தப்பாவை அப்பா பக்கத்துல சேர்த்துடுவேன்."

கிளம்பும்போது அவரைக் கட்டிக்கொண்டு விம்மினாள். கார் தெருமுனையில் திரும்பி மறையும்வரை தொக்தார் வெறுந்தலையோடு நின்றார்.

கமர் பின்னால் வந்து நின்றாள். "வெறும் மேட்டைக் காட்டி அனுப்பிட்டியே! விடியறதுக்குள்ள வந்துடறேன்னு உன்னை இந்த வாசல்ல விட்டுட்டு ஓடிப்போன அண்ணனுக்காக, அறுபது வருஷமா இந்த வீட்டை விட்டு நகராத ஆளு நீ. அவன் பொண்ணே வந்து நிக்கிறப்ப, நான்தான் எமில்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"புதைச்சேன்னு சொல்லி அழுத அப்பன்தான் அவளுக்கு மிச்சம், கமர். அவனையும் நான் பிடுங்கிக்கணுமா?"