பெல்ட் கட்டிய மரம்

“அந்த மரத்தை இன்னும் வெட்டலையா?”

விடிந்ததும் விடியாததுமாக வந்து நின்றாள் அந்த அம்மாள். ஏரிக்கரைக்குப் புதிதாக வந்திருந்த காவலருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

“தினமும் இதே பல்லவியா? புல்லு, புதர் எல்லாத்தையும் வழிச்சாச்சு. அந்த ஒத்தை மரம் உங்களை என்னம்மா பண்ணுது?”

“வேர் கரைக்குள்ள இறங்குதுங்க. அது வழியா தண்ணி கசியும். கீழே வீடுகள்ல பிள்ளைங்க தூங்குதுங்க.”

“தெரியும். ஆனா அது சும்மா முளைச்ச மரமில்ல. போன தடவை கரை உடைஞ்சப்போ ஒரு பையனை வெள்ளம் கொண்டுபோயிடுச்சு. புதுக்கரை போட்டதும் அவனைப் பெத்தவ நட்ட கன்று. அவன் ஸ்கூல் பெல்ட்டாலதான் குச்சியோட சேர்த்துக் கட்டியிருக்கா. பழைய காவலர்கூட அதுல கைவைக்கலையாம்.”

இப்போது பாதி பெல்ட்டை மரப்பட்டை விழுங்கியிருந்தது.

அவள் அவரைக் கரையின் அடிக்குக் கூட்டிப்போனாள். மழை பெய்து வெகுநாளாகியும், மரத்துக்கு நேர் கீழே மண் சொதசொதவென்று ஊறிக் கிடந்தது.

காவலர் வேறு வழியில்லாமல் கோடரியை எடுத்துத் தோளில் போட்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

“உங்களுக்குக் கல்நெஞ்சும்மா. இவ்வளவு அவசரம்னா நீங்களே வெட்டியிருக்கலாமே!”

“கோடரியோட வந்தும் பார்த்துட்டேன். நட்ட கையால முடியலைங்க.”

அவர் தோளிலிருந்து கோடரி மெல்ல இறங்கியது.

அவள் மரத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

“வெட்டுங்க. பெல்ட்டை மட்டும் அறுத்துடாம எடுத்துக் கொடுங்க.”