மகனும் பார்க்கும் கண்

மங்கினால் மங்கட்டும் என்றுதான் அமலோற்பவம் நினைத்தாள். கண்புரையை எடுத்துவிட்டு வைத்த லென்ஸ், அவள் பார்ப்பதையெல்லாம் மகன் ரெக்ஸின் போனிலும் காட்டியது. அவள் கண்ணை மூடிக்கொண்டே குளிக்கப் பழகியிருந்தாள். இப்போது லென்ஸை ஒட்டியிருந்த சவ்வு மங்கி, இருவருக்குமே எல்லாம் புகையாகத் தெரிந்தது.

“அந்தச் சவ்வை விலக்க ஒரு சின்ன லேசர்தாம்மா, வலிக்காது,” என்றார் டாக்டர்.

போனில் ரெக்ஸ் அவசரப்படுத்தினான். “சீக்கிரம் செஞ்சுக்கோங்கம்மா. காப்பியில எவ்வளவு சீனி போடுறீங்கன்னே தெரியல. மாடி வீட்டு அங்கிளையே பாத்துட்டு நிக்கிறீங்களான்னும் தெரியல.”

ஒரு வாரமாக அந்த மாடி வீட்டுக்காரரின் முகம் அவளுக்கும் சரியாகத் தெரியவில்லைதான். ஆனாலும் ஆசை தீரப் பார்த்தாள்.

“மோவாயை இதுல வைங்கம்மா,” என்று டாக்டர் லேசர் கருவியை அவள் பக்கம் நகர்த்தினார்.

அமலோற்பவம் கைப்பையைத் தடவி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“எனக்கு இவ்வளவு தெரிஞ்சா போதும் டாக்டர்,” என்றாள்.