இரவல் வியாதி

"மூட்டு வலிங்க ஐயா. ராவெல்லாம் இருமல். படியேறுனா மூச்சு வாங்குது. கண்ணும் கொஞ்சம் மங்கலா இருக்கு."

ராக்காயி சொல்லி முடித்ததும் டிஸ்பென்சரி வரிசையே சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்வது? காலையில்தான் நாற்பது இறாத்தல் தேயிலைக் கொழுந்தோடு மலையேறி ஓடியவள் அவள்.

கந்தப்பன் மருந்து கலக்கிக் கொடுப்பவர்தான். ஆனாலும் தோட்டத்துக்கு அவர் டாக்டர் ஐயா. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"வயசு?"

"இருபத்தஞ்சுங்க."

"சொன்னதெல்லாம் அறுபத்தஞ்சு வயசு வியாதியா இருக்கே. வாயைத் திற."

திறந்தாள். முப்பத்திரண்டும் பளிச்சென்று இருந்தன.

"பல்லு மட்டும் தப்பிச்சிருக்கு," என்று எழுதிக்கொண்டார்.

வியாதி யாருடையது என்று அந்த டயகம பக்கத்துத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மாமியார் பேச்சியம்மாவுடையது. முப்பத்தெட்டு வருசம் கொழுந்து பறித்தவள். போன தை மாதம், வயசாகிவிட்டது என்று செக்ரோல் என்கிற கூலிப் பதிவில் பேரை வெட்டினார்கள். பேரோடு மருந்தும் போயிற்று. பேர் உள்ளவர்களுக்குத்தான் தோட்டத்து மருந்து. மற்றவர்கள் எட்டு மைல் நடந்து கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாமாம். எட்டு மைல் நடக்க முடிந்தால் அவளுக்கு மருந்து எதற்கு? இந்தச் சட்டம் போட்ட மகராசனை ஒருநாள் அந்த லயத்து ஒற்றை அறையில் படுக்க வைத்து, அந்த இருமலைக் கேட்க வைக்க வேண்டும்.

"டாக்டர் ஐயா, ஒரு நிமிசம்." வரிசையை விலக்கிக்கொண்டு வந்தார் ஆண்டியப்பன் கங்காணி. "இவ கையில இருக்கிற போத்தலைப் பாருங்க. வியாதி இவளுக்குன்னா இங்கயே குடிச்சிட்டுப் போகலாமே, போத்தல் எதுக்கு? மருந்து கிழவிக்குப் போகுது. தொரைக்குத் தெரிஞ்சா இவ பேரும் போயிரும், உங்க வேலையும் போயிரும்."

ராக்காயி போத்தலை முந்தானைக்குள் மறைத்தாள். மருந்து இல்லாவிட்டால் இன்றைக்கும் கிழவி விடியும்வரை உட்கார்ந்தே மூச்சுவிட வேண்டும்.

"கங்காணி சொல்றது நியாயந்தான்," என்றார் கந்தப்பன். "போத்தலைக் கீழ வை. மருந்தை இங்கயே குடி, என் கண்ணு முன்னால."

'இவனெல்லாம் ஒரு மனுசனா' என்று வரிசையில் யாரோ வாய்க்குள் முனகினார்கள்.

கந்தப்பன் உள்ளே போய், கிளாசில் சிவப்பாக எதையோ கலக்கி வந்தார். ராக்காயி கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தாள். கண்ணைத் திறந்து அவரையே பார்த்தாள். வெறும் சீனித்தண்ணி.

"கசக்குதா?" என்றார் கங்காணி.

ராக்காயி ஒரு நொடி யோசித்தாள். "கொடலைப் புடுங்குதுங்க," என்று முகத்தைச் சுளித்தாள்.

கங்காணிக்குப் பரம திருப்தி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மலைப் பக்கம் இறங்கிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் கந்தப்பன் மேசைக்கடியிலிருந்து, காலையிலேயே கலந்து மூடி வைத்திருந்த ஒரு போத்தலை எடுத்தார். கூடவே ஒரு மாத்திரைப் பொட்டலம். வரிசை முழுவதும் திடீரென்று கூரையைப் பார்க்க ஆரம்பித்தது.

"அடுத்த வாரம் நொண்டிக்கிட்டு வா. மூட்டு வலிக்காரி எவளாவது ஓடி வருவாளா?"

"சரிங்க ஐயா."

"இது கடிச்சுத் திங்கிற மாத்திரை. நல்லாப் பொடிச்சு, தேத்தண்ணியில கலந்து குடு."

மறுபடியும் சோதிக்கிறாரோ என்று ராக்காயிக்குப் பயம் வந்துவிட்டது.

"எதுக்குங்க பொடிக்கணும்? எனக்குத்தான் பல்லு நல்லா இருக்குன்னு நீங்களே எழுதினீங்களே."

கந்தப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"உனக்கு இருக்கு புள்ள. பேச்சியம்மாவுக்கு ஏது?"