வாயைத் திறக்காதீங்க

மதுரையிலிருந்து குன்னூர் மறுவாழ்வு மையத்துக்குப் புதிதாக வந்த கவுன்சிலர் ஜீவிதா, முதல் வேலையாக ஜன்னலைத் திறந்துவிட்டாள். பீடி நாற்றம் தாங்கவில்லை.

எதிரே கமலேஷ். போதை ஊசியை விடுவதற்காகத் தினமும் ஜெகதளாவிலிருந்து வந்து நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துக்கொள்பவன். அது கரையும்வரை பேசக் கூடாது.

"ஊசியை விட்டுட்டீங்க. பீடியை எப்ப விடப் போறீங்க?"

கமலேஷ் வேகமாகக் கையை ஆட்டினான்.

"முடியாதுன்னு சொல்லாதீங்க. நிக்கோடின் சூயிங்கம் பை நிறைய இருக்கு. பீடி நெனப்பு வந்தா ஒண்ணு மெல்லுங்க." பின்னால் ஜன்னலோரம் வைத்திருந்த பையைத் திரும்பாமலே காட்டினாள்.

அவனும் அங்கேயே காட்டினான்.

"வெளிய போய் பீடி குடிக்கணுமா? கை எப்படித் துடிக்குது பாருங்க."

"ம்ம்… ம்ம்…" என்று எழுந்தான்.

"வாயைத் திறந்தா மாத்திரை வீணாயிரும். உக்காருங்க."

உட்கார்ந்தான். ஒருவழியாக மாத்திரை கரைந்தது.

"இப்பச் சொல்லுங்க. விடறீங்களா?"

"விடலாம்னுதானுங்க வந்தேன். குன்னூர்ல யாராச்சும் ஜன்னலத் தொறந்து வைப்பாங்களா மேடம்?"

ஜீவிதா திரும்பினாள். பையைக் காணோம். எதிர்க் கூரையில் ஒரு குரங்குக் குடும்பமே உட்கார்ந்து நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

"அதுகளுக்கு இனி பீடி நெனப்பே வராதுங்க," என்றான் கமலேஷ்.