கையெழுத்துப் போட்டவள்

மார்ச் 3, காலை பத்தரை மணி, சிவில் நீதிமன்றம்: காப்பீட்டு நிறுவனத்தின் தரப்பில் யாரும் வரவில்லை.

“எதிர்த்தரப்பு வரலைன்னா தீர்ப்பு நமக்குத்தான், ஜெயிச்சுட்டோம்டி!” என்று மனைவியிடம் கிசுகிசுத்த தச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எரிந்துபோன பட்டறைக்கு இழப்பீடு கேட்டு அவர் தொடுத்த வழக்கு அது.

“அவங்களுக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்துச்சா?” என்றார் நீதிபதி.

“கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்கய்யா,” என்று குமாஸ்தா ஒப்புகை அட்டையை உயர்த்தினார்.

எட்டிப் பார்த்த மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏங்க, அது என் கையெழுத்து!”

“உன்கிட்ட எப்படிடி வந்துச்சு?”

“நாம இப்போ வாடகைக்குப் பிடிச்ச கடை, அந்தக் கம்பெனி காலி பண்ணின ஆபீஸாச்சே! தபால்காரர் நீட்டினாரு, போட்டுட்டேன்.”

“வாயைத் திறக்காதே!”

“நம்ம பேச்சைக் கேக்காமலே அந்தக் கம்பெனிக்காரங்க நம்ம மனுவைத் தள்ளிட்டாங்கன்னுதானே இங்க வந்தோம்?” என்றபடி அவள் எழுந்து கையை உயர்த்தினாள்.

அவள் சொன்னதைக் கேட்ட நீதிபதி, நிறுவனத்தின் புது முகவரிக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்லி வழக்கை ஏப்ரல் 7-க்குத் தள்ளிவைத்தார். அன்று இரு தரப்பும் வாதாடின. தச்சர் ஜெயித்தார்.