கேள்வி கேட்காதவள்

“தனித்தனியாவா?”

குருமூர்த்தி காபி டம்ளரை மேஜைமேல் டக்கென்று வைத்தார்.

“கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் ஆகலை. அதுக்குள்ள புருஷன் தனி, பெண்டாட்டி தனியா?”

வைதேகி தலை நிமிரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் பாஸ்கரன்தான் பதில் சொன்னான்.

“வரிக் கணக்கு மட்டும்தான் மாமா. ஆனா இவளுக்கு ஒரே பிடிவாதம். தனித்தனியாத்தான் கொடுக்கணுமாம்.”

1971, மே மாதம். பாஸ்கரனுக்கு மியூனிக்கை அடுத்த கார்ஹிங்கில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. வைதேகி சில மாதங்களாக ஒரு மருந்துக் கம்பெனி லேபுக்குப் போய்க்கொண்டிருந்தாள். குருமூர்த்தி ரொம்ப வருஷமாக மியூனிக்கில் இருக்கும் இன்ஜினீயர். புதிதாக வந்த நம்மவர்களுக்கு வீடு பார்ப்பதிலிருந்து விசா வரைக்கும் அவர் சொல்வதுதான் வேதவாக்கு.

“இந்த ஊர்ச் சட்டம் தெரியுமோ உனக்கு?” வைதேகி பக்கம் திரும்பினார். “புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கணக்குக் கொடுத்தா, ரெண்டு சம்பளத்தையும் கூட்டி, சரிபாதியா வெட்டி வரி போடறான். அவன் சம்பளம் பெரிசு, உன்னுது சின்னது. வரி நன்னாக் குறையும். தனித்தனியாக் கொடுத்தா அத்தனையும் போச்சு. ஊருக்குப் போற டிக்கெட் பணம்மா அது!”

“தெரியும் மாமா.”

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சுதான்.”

பாஸ்கரனுக்கு முகம் சிவந்தது. “பார்த்தேளா? ஆத்துலயும் இதே பதில்தான். லேப்ல யாரோ சொல்லிக் குடுத்திருக்கா. நாளைக்கு பேங்க் தனி, சமையல் தனின்னு வந்து நிப்பா.”

வைதேகி நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

“ஏன் தனின்னு சொன்னேங்கறதையும் மாமாகிட்ட சொல்லுங்கோ.”

அவன் வரி ஃபாரம் இருந்த பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவளே சொன்னாள்.

“சேர்த்துக் கொடுக்கத்தான் மாமா முதல்ல உட்கார்ந்தோம். ஃபாரத்தை நீட்டி, ‘இங்க போடு’ன்னார். படிச்சுட்டுப் போடறேன்னேன். ‘என்மேல நம்பிக்கை இல்லையா’ன்னு பிடுங்கிண்டுட்டார். இதுல இருக்கிறதெல்லாம் நிஜம்னு என் கையெழுத்தும்தானே சொல்லப் போறது? படிக்காம எப்படிப் போடுவேன்? அதுக்குப் பதிலா என் கணக்கை நானே எழுதிக் கொடுத்துடறேன்னேன்.”

“இவ்வளவுதானா!” குருமூர்த்தி பெரிதாகச் சிரித்தார். கூடச் சிரிக்க யாரும் இல்லை.

“இத பாரும்மா. படிச்சுப் பார்க்கணும்னு தோணிட்டாலே சந்தேகம் வந்துடுத்துன்னு அர்த்தம். கேள்வி கேட்டுண்டு நடத்தறதுக்குப் பேர் ஆபீஸ், குடும்பம் இல்லை.”

“ஆபீஸ்ல கிடைக்கிற மரியாதையாவது ஆத்துல கிடைக்கட்டுமே மாமா.”

பாஸ்கரன் விருட்டென்று எழுந்தான்.

“போதும். கோட்டை எடுத்துக்கோ, கிளம்பலாம். தனித்தனியாவே கொடுத்துடலாம். அப்புறம் எல்லாமே தனியாவே இருக்கட்டும்.”

கோட்டை எடுக்கப் போன வைதேகியின் கை அப்படியே நின்றது.

“எல்லாமேன்னா?”

சொன்ன வார்த்தை அவனையே பயமுறுத்தியது போலிருந்தது.

“உட்காருடா!” குருமூர்த்தி அதட்டினார். “நீயும் உட்காரும்மா. குடும்பம்னா எப்படி இருக்கணும்னு இப்ப காட்டறேன்.”

மேஜை டிராயரை இழுத்துத் தன் வரி ஃபாரத்தை எடுத்தார்.

“நானும் இன்னிக்குத்தான் எழுதி முடிச்சேன். கனகம்! இங்க வா.”

சமையலறையிலிருந்து அவர் மனைவி கனகவல்லி ஈரக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்தாள். காபி கொடுத்ததோடு சரி, அதுவரை அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

குருமூர்த்தி ஃபாரத்தை மேஜையில் வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். வலது கையால் பேனாவை நீட்டினார்.

“இங்க போடு.”

கனகவல்லி குனிந்தாள். நிதானமாகத் தமிழில் தன் பெயரை எழுதினாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

“பார்த்தியோன்னோ?” குருமூர்த்தி வைதேகியைப் பார்த்தார். “இதான் நம்பிக்கை.”

பாஸ்கரன் பார்த்துக்கொண்டிருந்தது கையெழுத்தை அல்ல, அவருடைய இடது கையை. அகல விரித்த விரல்கள், சம்பளத் தொகை எழுதியிருந்த இடத்தை முழுசாக மூடியிருந்தன. மை காய்ந்தும் அந்தக் கை நகரவில்லை.

தான் ஃபாரத்தை எப்படிப் பிடித்துக்கொண்டு வைதேகியிடம் நீட்டினோம் என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது.

பையைத் திறந்தான். தன் ஃபாரத்தை எடுத்து நன்றாக விரித்து, வைதேகியின் மடியில் வைத்தான்.

“படி. முதல் வரியிலேர்ந்து படி. சேர்த்தா, தனியாங்கறதை அப்புறம் நீ சொல்லு.”

வைதேகி ஃபாரத்தைக் கையில் எடுத்தாள்.

“என்னடா இது!” குருமூர்த்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இத்தனை நேரம் நான் யாருக்குச் சொன்னேன்? இதோ நிக்கறாளே, வருஷா வருஷம் போடறா. இன்னிவரைக்கும் ஒரு கேள்வி கேட்டிருப்பாளா?”

கனகவல்லி காலி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“கேட்டேனே,” என்றாள். “முதல் வருஷம் கேட்டேன். அதுக்கப்புறம்தான் நீங்க கையை வச்சு மறைக்க ஆரம்பிச்சேள்.”